சேர்ந்து ஊதலாமா? ஊரடங்கு இங்கிலாந்தில் பேண்ட் ஒத்திகை பட்ட பாடு

2020 ஜூலை இரண்டாம் வாரம். நிகழ்த்துகலைகளை மறுபடி தொடங்குவது எப்படி என்று இங்கிலாந்து அரசு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. எங்கள் பிராஸ் பேண்டின் (பித்தளை ஊதுவாத்தியக் குழுவின்) செயலாளர் அதை முழுக்கப் படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி போட்டார்: “நமக்கு இன்னும் இல்லை.” பாடுவதும், ஊதும் வாத்தியங்களை வாசிப்பதும் தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டும், மற்றவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று அதில் இருந்தது.

எங்கள் பேண்டில் எல்லாருமே அந்த மற்றவர்கள்தான். ஒரு தபால்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், பஸ் ஓட்டுநர், ஆடு வளர்க்கும் பண்ணைக்காரர். அப்புறம், கும்பகோணத்திலிருந்து வேலைக்காக வட இங்கிலாந்துக்கு வந்து, குளிர்கால மாலைகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் ஒருநாள் அந்த ஒத்திகை அறைக் கதவைத் தட்டிய நான். எனக்கு டெனர் ஹார்ன் கிடைத்தது. டியூபாவின் தம்பி மாதிரி இருக்கும், நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஊத வேண்டும். சம்பளம் யாருக்கும் கிடையாது. வாரச் சந்தா நாங்கள்தான் கட்டுகிறோம்.

அவசரத்துக்கு எங்களுக்கு வந்து கார்னெட் (டிரம்பெட் மாதிரிச் சின்ன வாத்தியம்) வாசித்துக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசிப்பதுதான் பிழைப்பு. அந்த ஜூலையில் அவர் தன் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகைக்குப் போகலாம். எங்கள் அறைக்கு வந்து அதே மூச்சை ஊதினால் கூடாது. இந்த ஒரு விஷயம் அன்று முதல் என்னை விட்டுப் போகவில்லை. கொரோனா காலத்தில் ஒரு இசைக்குழு சேர்ந்து ஒத்திகை பார்க்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் சொன்னது, அறையில் இருந்த காற்று வேறொரு பதில் சொன்னது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை.

இங்கே பிராஸ் பேண்ட் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கல்யாண ஊர்வல பேண்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களையும் பஞ்சாலைகளையும் ஒட்டி வளர்ந்த குழுக்கள் இவை. கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிட்டோன், யூஃபோனியம், டிராம்போன், பேஸ் என்று எல்லாம் பித்தளைதான், கூடவே தாள வாத்தியங்கள். மொத்தம் 25 பேருக்குச் சற்று மேலே. கிரைம்தார்ப் என்ற ஊரில் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது, அதன் பெயரைத் தாங்கிய பேண்ட் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. பல ஊர்களில் ஆலையும் போய், சுரங்கமும் போய், கடைகளும் போனபின் மிச்சம் இருப்பது பேண்ட்தான். வாரம் இரண்டு ஒத்திகை நின்றால் பொழுதுபோக்கு ஒன்று நின்றது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். தனியாக வாழும் எங்கள் பேஸ் வாத்தியக்காரருக்கு, வாரத்தில் மனிதர்களோடு உட்காரும் இரண்டு இரவுகள் அவை.

மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவித்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் நர்ஸ் அம்மா அதற்கு ஒரு வாரம் முன்பே, “நாளையிலிருந்து நான் வரமாட்டேன், நீங்களும் வராதீர்கள்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஸ்காஜிட் செய்தி வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு மார்ச் 10 அன்று ஒரு தேவாலயக் கூடத்தில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது, சிலருக்குச் சோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் என்று கணிக்கப்பட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் கவனக்குறைவாக இருந்தவர்கள் இல்லை. வாசலில் கைச் சுத்திகரிப்பான் இருந்தது. கட்டிப்பிடிப்பதையும் கைகுலுக்குவதையும் தவிர்த்திருந்தார்கள். அன்றைக்குச் சொல்லப்பட்டிருந்த எல்லாவற்றையும் செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 8 அன்று, ஆம்ஸ்டர்டாமில் ஒரு சேர்ந்திசைக் குழு கச்சேரி பண்ணியது. 130 பேர் கொண்ட அந்தக் குழுவில் 102 பேர் நோயில் படுத்தார்கள்.

கைகளைக் கழுவியும் அறையே நோய்ப்பட்டது என்றால், கிருமி கைவழியாகப் போகவில்லை, காற்றுவழியாகப் போயிருக்கிறது. இன்று இதைச் சுலபமாகச் சொல்கிறோம். அன்று அது பெரிய வாக்குவாதம். பெரிய நீர்த்துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும், அதனால் இடைவெளி விட்டால் போதும் என்பதுதான் அப்போதைய பிரதான எண்ணம். ஸ்காஜிட் கூடத்தில் நடந்ததை அந்த எண்ணத்தால் விளக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதந்து, எல்லாரும் ஆழமாக மூச்சிழுக்கும் அறையில் சேர்ந்துகொண்டே போனதுதான் பொருத்தமான விளக்கம்.

ஊதும் வாத்தியக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு பயம் உண்டு. பித்தளை வாத்தியத்தில் மூச்சின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகச் சேரும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன சாவியை அழுத்தி அதைத் தரையில் விடுவோம். ஒத்திகை முடிந்து நாற்காலிகளை நகர்த்தினால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு குட்டை. புதிதாக வருபவர்கள் அதை எச்சில் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள், பெரும்பாலும் அது வெறும் நீராவி குளிர்ந்த நீர். 2020 கோடையில் எங்கள் பயமெல்லாம் அந்தக் குட்டையின் மேலேயே இருந்தது. ஆளுக்கொரு டப்பா கொண்டுவர வேண்டும், தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டோம். அமெரிக்காவில் பள்ளி பேண்டுகள் நாய்க்குட்டிக்கு விரிக்கும் உறிஞ்சு விரிப்பை ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே போட்டன. தப்பில்லை, சுத்தம் நல்லதுதான். ஆனால் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், விஷயம் தலைக்கு மேலே இருந்தது.

எங்கள் ஒத்திகை அறை ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். அதாவது 240 கன மீட்டர் காற்று. சாலைப் பக்கம் மூன்று ஜன்னல்கள். எத்தனையோ வருஷப் பெயின்ட் பூச்சில் அவை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்காமல் போயிருந்தன. சத்தம் வெளியே போய் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரோ வேண்டுமென்றே விட்டதாகவும் சொல்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அறையில் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வர வேண்டும் என்பது இங்கே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 24 பேர் என்றால் வினாடிக்கு 240 லிட்டர், மணிக்கு 864 கன மீட்டர். எங்கள் அறையின் காற்று முழுவதும் மணிக்கு மூன்றரைத் தடவைக்கு மேல் மாற வேண்டும். ஜன்னல் திறக்காத அறையில் அது நடக்கவே நடக்காது. செயலாளர் தன் கைக்காசில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மானி வாங்கினார். மனிதர் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். வெளிக்காற்றில் அப்போது பத்து லட்சத்தில் 415 பங்கு போல இருந்தது. 800-க்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள். தொடர்ந்து 1500-ஐத் தாண்டினால் அந்த அறையில் ஏதோ சரியில்லை. அனுமதி கிடைத்தபின் முதல் சோதனையாக, மூடிய ஜன்னல்களோடு பாதிப் பேரை மட்டும் வைத்து வாசித்துப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மானி 1300-ஐத் தொட்டுவிட்டது. பாதிப் பேருக்கே இந்த நிலை. அடுத்த சனிக்கிழமை பண்ணைக்காரர் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து மூன்று ஜன்னல்களையும் திறந்துவிட்டார். எங்கள் பேண்ட் கொரோனாவுக்கு எதிராகச் செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான் என்று நான் நினைக்கிறேன். எந்த வழிகாட்டுதலும் எங்களிடம், “உங்கள் ஜன்னல் திறக்குமா?” என்று முதல் கேள்வியாகக் கேட்கவில்லை.

சரி, விஞ்ஞானிகள் என்ன கண்டுபிடித்தார்கள்? அந்த வசந்தத்திலேயே வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா தன் கலைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. வாசிப்பவர்களின் மூச்சில் புலப்படும்படி நுண்துளியைக் கலந்து, அந்த மேகம் எவ்வளவு தூரம் போகிறது என்று படம் பிடித்தார்கள். 80 சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை என்றார்கள். ஜூன் 5 அன்று, வெறும் 100 பேர் முன்னிலையில், டேனியல் பாரென்போய்ம் நடத்த, அந்த ஆர்க்கெஸ்ட்ரா மீண்டும் மேடையேறியது.

அந்த ஜூன் 5 எங்களுக்கும் ஒரு முக்கியமான நாள். விட் வெள்ளி. பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை, மான்செஸ்டருக்குப் பக்கத்துச் சாடில்வொர்த், டேம்சைட் வட்டாரக் கிராமங்களில் பேண்டுகள் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய்த் தெருவில் அணிவகுத்து வாசிக்கும். ஒவ்வொரு ஊரிலும் போட்டி. நடுவர் எங்கோ மறைவாக உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார், வாசிப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. இரவு பதினொரு மணி வரை நடக்கும் திருவிழா அது. 2020-இல் நடக்கவில்லை, 2021-இலும் இல்லை. டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் விழாவும் அந்த இரண்டு வருஷமும் நின்றது. வியன்னாவில் ஊதிய அதே மாலையில் சாடில்வொர்த் தெருக்கள் காலியாகக் கிடந்தன. வியன்னாக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்குச் சோதனை செய்துகொள்ள வசதி இருந்தது, உயரமான மண்டபம் இருந்தது. ஆனால் மேகம் எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவீடு பாதிக் கேள்விக்குத்தான் பதில். அங்கேயே மிதந்து எவ்வளவு சேர்கிறது என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைக் கொஞ்சம் தெளிவாக்கியது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜோனத்தன் ரீட் தலைமையில் நடந்த ஆய்வு. 25 தொழில்முறைப் பாடகர்களை, காற்றில் தூசியே இல்லாதபடி வடிகட்டப்படும் ஒரு அறுவை சிகிச்சை அரங்கில் நிற்கவைத்துப் பாடவும் பேசவும் சொன்னார்கள். பின்னணியில் வேறு துகளே இல்லாததால் அவர்களின் வாயிலிருந்து வருவதை மட்டும் எண்ண முடிந்தது. 2020 ஆகஸ்டில் முடிவு வந்தது: ஒரே சத்த அளவில் பாடுவதற்கும் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சத்தத்தில்தான். மெதுவாகப் பாடுவதிலிருந்து உச்சக் குரலுக்குப் போனால் நுண்துளியின் நிறை 20 முதல் 30 மடங்கு ஏறுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று தோன்றியது, சத்தமான மதுக்கடையில் கத்திப் பேசுவதும் பாடுவதும் காற்றின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். மதுக்கடைகள் ஜூலை 4 முதல் திறந்திருந்தன.

ஊதும் வாத்தியங்களை அளந்த முடிவு 2021-இல்தான் வந்தது. அதே ஆய்வுக் குழு கண்டது: மரக்குழல், பித்தளை வாத்தியங்களை வாசிக்கும்போது வெளிவரும் நுண்துளி, சாதாரணமாக மூச்சுவிடும்போது வருவதற்கு ஒப்பானது, உரக்கப் பேசுவதையும் பாடுவதையும்விடக் குறைவு. அந்த வளைந்து வளைந்து போகும் குழாய் துளிகளைத் தன் சுவரிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. நாங்கள் தரையில் விட்ட அந்தக் குட்டைத் தண்ணீர், காற்றில் போகாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்ட ஈரம். ஒரு வருஷமாக எதைப் பார்த்து முகம் சுளித்தார்களோ, அது வாத்தியம் எங்களுக்குச் செய்துகொண்டிருந்த உபகாரம். இது தெரிந்த நாளில் எங்கள் பேஸ்காரர் தன் வாத்தியத்தைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல.

அமெரிக்காவில் கொலராடோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்களில் ஷெல்லி மில்லரும் யெலேனா ஸ்ரெப்ரிச்சும் நடத்திய ஆய்வு இன்னும் நடைமுறையானது. அவர்கள் சொன்ன யோசனைகள் எந்தப் பள்ளி பேண்டும் செய்யக்கூடியவை. வாத்தியத்தில் ஒலி வெளிவரும் அகன்ற முனைக்குத் துணி உறை போடுங்கள். வாயில் கீறல் விட்ட முகக்கவசம் அணிந்து ஊதுங்கள். ஆறடி இடைவெளி விடுங்கள், டிராம்போனுக்கு முன்பக்கம் ஒன்பதடி. முப்பது நிமிஷம் வாசித்துவிட்டு அறையைக் காலிசெய்து காற்று மாறவிடுங்கள். வடிகட்டி இருந்தால் ஓடவிடுங்கள். முடிந்தால் வெளியே வாசியுங்கள். நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்களா என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை.

இங்கிலாந்தின் விதிகள் அப்படி வளரவில்லை. அவை ஆள் யார், எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்டன. ஆகஸ்ட் நடுவில் தொழில்முறை, பொழுதுபோக்கு இருவரும் ஊதலாம் என்று மாற்றினார்கள், பிரிஸ்டல் முடிவுகள் அதற்கு உதவின. சந்தோஷப்பட்டோம். அதற்குள் ஜூலை 30 இரவே மான்செஸ்டர் பெருநகருக்கும் மேற்கு யார்க்ஷயர், கிழக்கு லங்காஷயரின் சில பகுதிகளுக்கும் தனிக் கட்டுப்பாடு வந்துவிட்டிருந்தது. எங்களில் சிலர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சிலர் இந்தப் பக்கம். செப்டம்பர் 14 முதல் ஆறு பேர் விதி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. இசை அமைப்புகளோடு பேச்சுவார்த்தைக்குப் பின், ஆறாறு பேராகப் பிரிந்து ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் பெரிய குழுவாக வாசிக்கலாம் என்று விளக்கம் வந்தது. தரையில் மஞ்சள் நாடா ஒட்டி நான்கு கட்டம் போட்டோம். என் கட்டத்தில் மூன்று ஹார்ன், இரண்டு பாரிட்டோன், ஒரு ஃப்ளூகல்ஹார்ன். வாசிக்கும்போது பிரச்சினை இல்லை. இடைவேளைத் தேநீர்தான் கூடாது. முப்பது வருஷமாகத் தேநீர் போட்டுக்கொடுத்த அம்மா கதவருகில் நின்று ஆளாளுக்குத் தலையாட்டி அனுப்பினார். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்டோபர் 14 முதல் மூன்று அடுக்கு முறை, தொற்றின் அளவைப் பொறுத்து வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு கட்டுப்பாடு. நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை இரண்டாம் ஊரடங்கு. ஜனவரியில் மூன்றாவது. இந்த இரண்டு ஊரடங்குகளிலும் தொழில்முறைக் குழுக்கள் ஒத்திகை பார்க்கலாம், வேலை என்ற கணக்கில். எங்களுக்குக் கதவு சாத்தியது. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வேறு விதிகள், எல்லையோர பேண்டுகளின் தலைவலியை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தொழில்முறை, மற்றவர் என்று ஏன் பிரித்தார்கள்? நியாயம் இல்லாமல் இல்லை. கலைஞர்களுக்கு அது சோறு. ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் என்றால் ஆபத்தை மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டிய சட்டக் கடமை முதலாளிக்கு உண்டு, தவறினால் கேட்க ஆள் உண்டு. தவிர, நாட்டில் மனிதர்கள் சந்திக்கும் மொத்த எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் எங்காவது கோடு போட்டாக வேண்டும். வேலை என்பது சுலபமாகப் போடக்கூடிய கோடு. 2020 ஜூலையில், ஒன்றும் தெளிவாகத் தெரியாத நேரத்தில், அந்தக் கோட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். தெளிவு வந்தபிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. நல்ல காற்றோட்டமுள்ள பெரிய மண்டபத்தில் பத்துப் பேராக இடைவெளிவிட்டு அரை மணி வாசிக்கத் தயாராக இருந்த பொழுதுபோக்குக் குழுவுக்கு, “சரி, இதைச் செய்தால் வாசிக்கலாம்” என்று சொல்ல விதிகளில் இடமே இல்லை. மறுபக்கம், அனுமதி இருந்த செப்டம்பரில், ஜன்னல் திறக்காத அறையில் ஆறாறு பேராக உட்கார்ந்தவர்களை விதி தடுக்கவும் இல்லை. மஞ்சள் நாடா காற்றைப் பிரிக்காது.

இதில் பெரும்பகுதி வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லையே என்று கேட்கலாம். எங்கள் குழுவிலும் ஒருவர் கேட்டார். பேண்டுக்குக் காப்பீடு இருக்கிறது. வழிகாட்டுதலை மீறி ஒத்திகை நடத்தி யாராவது நோய்ப்பட்டால் காப்பீடு கைகொடுக்குமா? பொறுப்பாளர்கள் ஊர்க்காரர்கள், சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டவர்கள். அந்த நிலையில் வழிகாட்டுதலும் சட்டமும் ஒன்றுதான்.

2021 மே மாதத்தில் நடந்தது எல்லாவற்றையும்விடக் கசப்பு. மே 17 முதல் உள்ளரங்கில் திரும்பலாம் என்று சேர்ந்திசைக் குழுக்கள் மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, ஆட்களைக் கூப்பிட்டிருந்தன. மறுநாள் வந்த வழிகாட்டுதல், தொழில்முறை அல்லாதவர்கள் உள்ளரங்கில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்து பாடக் கூடாது என்றது. அதற்கு மூன்று நாள் முன்புதான் வெம்ப்ளி அரங்கில் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சுமார் 20,000 பேர் கத்திப் பாடியதை நாடே டிவியில் பார்த்தது. அது திறந்தவெளி, ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு பேர் என்ன செய்வார்கள் என்று யாரும் விளக்கவில்லை. பேண்டுகளுக்கு அந்த ஆறு பேர் வரம்பு இல்லை, நாங்கள் திரும்பிவிட்டோம். என் பக்கத்து வீட்டு அம்மா தேவாலயக் குழுவில் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடுபவர். நான் ஹார்ன் பெட்டியோடு கிளம்பும்போது வேலிக்கு மேல் பார்த்து, “உனக்குக் கிடைத்ததே, சந்தோஷம்” என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் பெட்டி கனத்தது. ஜூலை 19 அன்று மற்றக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகே அவர்கள் முழுக் குழுவாகப் பாட முடிந்தது.

ஒரே அறையில் கூட முடியாவிட்டால் இணையத்தில் சேர்ந்து வாசிக்கலாமே என்று அப்போது கேட்காதவர்கள் இல்லை. ஊரில் என் அம்மாகூடக் கேட்டார்: “ஏண்டா, ஆபீஸ் வேலையெல்லாம் ஜூம்ல பாக்குற, இதைப் பாக்கக் கூடாதா?” கூடாது என்பதற்குக் காரணம் கிருமியைவிடக் கடுமையான ஒன்று, காலம்.

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி இருப்பவர் ஊதியது என் காதுக்கு வர ஏறக்குறைய 30 மில்லி வினாடி. சேர்ந்து வாசிப்பவர்கள் சமாளிக்கக்கூடிய தாமதம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 25 முதல் 30 வரை. ஸ்டான்ஃபோர்டில் கிரிஸ் சேஃப் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்துக் கைதட்டச் சொல்லி அளந்திருக்கிறார். தாமதம் மிகக் குறைவாக இருந்தால் இருவரும் தங்களை அறியாமல் வேகம் பிடிக்கிறார்கள். தாமதம் கூடினால் ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்துக் காலம் இழுத்துக்கொண்டே போகிறது. காணொளி அழைப்பில் தாமதம் 150 மில்லி வினாடியை எளிதாகத் தொடும். அது 50 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம், கால்பந்து மைதானத்தின் பாதி.

நம் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். நிமிஷத்துக்கு 80 அட்சரம் போகும் ஒரு மத்திமகால ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்சரம் 750 மில்லி வினாடி. சதுச்ர நடையில் அதை நான்காகப் பிரித்தால் ஒரு சொல்லுக்கு 187. தகதிமியில் ஒவ்வொரு சொல்லும் கிட்டத்தட்ட ஒரு சொல் தள்ளி வந்து விழும். மிருதங்கக்காரரும் பாடகரும் இரண்டு வீட்டில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது. 2020 மார்கழியில் இணையத்தில் கேட்ட கச்சேரிகளும் கலைஞர்கள் ஒரே மேடையில் கூடி வாசித்துப் பதிவானவைதான். பாட்டு வாத்தியார் ஒரு வரி பாட, சிஷ்யை திருப்பிப் பாடும் வகுப்பு மட்டும் தப்பித்தது. ஒருவர் நிறுத்தியபின் மற்றவர் தொடங்குவதால் தாமதம் அங்கே வலிக்காது.

காணொளி செயலிகளுக்கு இன்னொரு குணம். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு நிற்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒருவர் குரலையே தூக்கிக் கொடுக்கும். எங்கள் முதல் ஜூம் ஒத்திகையில் யூஃபோனியக்காரர் கண்ணை மூடி ஒரு நீண்ட ஸ்வரம் பிடித்தார். எங்களுக்குக் கேட்டது அதன் முதல் அரை வினாடி மட்டும், பிறகு அவர் கன்னம் உப்பியிருக்கும் மௌனப் படம்.

இதற்கென்றே சில மென்பொருள்கள் இருந்தன. ஜாமுலஸ் என்பது ஜெர்மனியில் ஃபோல்கர் ஃபிஷர் உருவாக்கிய இலவச மென்பொருள், ஊரடங்குக்குப் பல வருஷம் முன்பே வந்தது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஜாக்டிரிப். சரியாக அமைத்தால், ஒரே வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு 30-40 மில்லி வினாடிக்குள் கொண்டுவரலாம். ஆனால் அந்தச் ‘சரியாக’ என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. வைஃபை ஆகாது, கேபிள் இழுக்க வேண்டும். ஒலிப்பெட்டி, மைக், ஹெட்ஃபோன் வேண்டும். எல்லாவற்றையும்விட, நீங்கள் ஊதியதையே சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் ஒலியில்தான் கேட்டு வாசிக்க வேண்டும். கிதார்காரருக்கு இது பழகிவிடும். உதட்டிலும் தாடை எலும்பிலும் ஸ்வரம் அதிரும் எங்களுக்கு, உடம்பு ஒரு நேரத்தையும் காது வேறு நேரத்தையும் சொல்லும். எங்கள் குழுவில் ஐந்து பேர் விடாமல் பிடித்துப் பழகினார்கள், மெதுவான கீதங்களை ஓரளவு வாசித்தார்கள். எழுபது வயது பேஸ்காரருக்கு ஈதர்நெட் கேபிளைப் பற்றி போனில் நான் விளக்கிய ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நான் மறக்கமாட்டேன். கடைசியில், “பரவாயில்லை, நான் தனியாக வாசித்துக்கொள்கிறேன்” என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சதுரம் சதுரமாக முகங்கள் தெரியும் வீடியோக்கள் அப்போது உலகமெல்லாம் சுற்றின. நாங்களும் இரண்டு போட்டோம். காதில் டிக் டிக் என்று தாளம் ஓட, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்ப, எங்கள் ஆசிரியர் ஒருவர் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டினார். பார்க்க நன்றாக இருந்தது. அதை ஒத்திகை என்று சொல்ல மாட்டேன். ஒத்திகையில் பக்கத்து ஆள் மூச்சிழுப்பது கேட்டு நாம் மூச்சிழுப்போம். அவர் கொஞ்சம் ஸ்ருதி ஏறினால் நாமும் ஏற்றிக்கொள்வோம். டிக் டிக் யாருக்காகவும் நகராது.

2021 மேயில் நாங்கள் திரும்பியபோது மூன்று ஜன்னல்களும் திறந்திருந்தன. சாலைச் சத்தம் உள்ளே வந்தது, எங்கள் சத்தம் வெளியே போனது. அண்டை வீட்டார் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்து நடைபாதையில் உட்கார்ந்தார்கள். இரவுக் குளிரில் பித்தளை ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால் வரும் இயல்பு அது. எல்லாரும் ஒன்றாக இறங்கினோம், அதனால் சமாளித்தோம்.

திரும்பாதவர்களும் உண்டு. எங்கள் இளையோர் பேண்டில் 2020 தொடக்கத்தில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள், ஐந்து பேர் வந்தார்கள். பதினான்கு மாதம் ஒரு பெரியவருக்கு ஒரு இடைவெளி, பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம். ஒரு பெண் வந்தாள், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். உதடு பழைய இடத்தில் உட்காரவில்லை. கார்னெட்டின் முதல் ஸ்வரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள், அழாமல்.

2022 ஜூன் 10 அன்று விட் வெள்ளி மறுபடி வந்தது. எங்களிடம் ஒரு பேஸ், ஒரு டிராம்போன், இரண்டு கார்னெட் குறைவு. பக்கத்து ஊர் பேண்டிலிருந்து பேஸ்காரர் ஒருவரைக் கடன் வாங்கினோம். அந்தப் பெண் மூன்றாம் கார்னெட்டில் நின்றாள், பெரியவர்களின் சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது. முதல் கிராமத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசை கட்டும்போது செயலாளர் ஜன்னலோரம் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். பழக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு மானியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அதைப் பத்திரமாக வைக்க இடம் பார்க்கிறாராம். ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து வரிசையில் நின்றார். டிரம் தட்டியது, நடக்கத் தொடங்கினோம்.